கண்ணுக்குத் தெரியாத கெக்லியான்: பெங்களூரு வாசகர் கேள்வி-பதில்

போக்கிமான் எமரால்ட் கேமில் ஃபார்ட்ரீ ஊரின் ஜிம் வாசலில் ஏதோ மறிக்கிறது. கேட்ரிட்ஜ் கெட்டுவிட்டதா? (அல்சூர்)

இல்லை. நிற்பது கெக்லியான், கண்ணுக்குத் தெரியாமல் மறையும் போக்கிமான். ஊருக்குக் கிழக்கே ரூட் 120 பாலத்தில் இருக்கும் ஸ்டீவனிடம் பேசுங்கள். லெவல் 30 கெக்லியானோடு ஒரு சண்டை முடிந்ததும் மறைந்திருப்பதைக் காட்டும் டெவன் ஸ்கோப் கருவியைத் தருவார். பிறகு ஜிம் வாசலில் ஏ பட்டனை அழுத்தினால் போதும், பையைத் திறக்க வேண்டாம். வாசலில் நிற்பது ஓடிவிடும், பிடிக்க முடியாது. பாலத்தில் வருவதைப் பிடிக்கலாம், அதனால் அங்கே பேசும் முன் சேவ் செய்யுங்கள்.

என் மச்சோக்கின் கராத்தே சாப் (ஃபைட்டிங் டைப் அடி) கெக்லியான் மேல் முதலில் பலமாக விழுகிறது, அடுத்தது பாதிதான். கேம் ஏமாற்றுகிறதா? (சிவாஜிநகர்)

மாதம் தவறாமல் வரும் புகார் இது. கெக்லியானின் அபிலிட்டி (இயல்புத் திறன்) விவரத்தை ஒருமுறையாவது படித்துவிட்டு எழுதக் கூடாதா? கலர் சேஞ்ச்: எந்த டைப் மூவ் அடிக்கிறதோ, கெக்லியான் அந்த டைப்பாகவே மாறும். நார்மல் டைப்பாக இருந்தபோது ஃபைட்டிங் இரட்டிப்பாக விழுந்தது. அடி வாங்கியதும் அதுவே ஃபைட்டிங். ஒரே மூவைத் திரும்பத் திரும்ப அழுத்துவதுதான் தவறு. கராத்தே சாப்புக்குப் பின் ஸ்வெல்லோவின் விங் அட்டாக். இப்போது அது ஃப்ளையிங். அடுத்து ராக் டூம், ஜிம் தலைவி ரோக்ஸான் தந்த டிஎம் 39 (மூவ் கற்றுத்தரும் பொருள்) வழியே கிடைப்பது. ராக் ஆனதா? மறுபடி கராத்தே சாப். நான்கு அடியும் இரட்டிப்பு. ஃபைட்டிங்குக்கு சைக்கிக்கும் ஆகுமே என்பீர்கள். ரூபி, சஃபையர், எமரால்டில் சைக்கிக் மூவ் எல்லாம் ஸ்பெஷல், அதாவது ஸ்பெஷல் டிஃபென்ஸைத் தாக்குபவை. கெக்லியானின் ஸ்பெஷல் டிஃபென்ஸ் 120, சாதா டிஃபென்ஸ் 70தான். நான் சொன்ன மூன்றும் இந்த 70ஐத் தாக்குபவை.

கெக்லியானைப் பிடிக்க அல்ட்ரா பால் வேண்டுமா? (மாரத்தஹள்ளி)

வீண் செலவு. கேட்ச் ரேட் 200, எளிதில் பிடிபடும். உயிரைச் சிவப்புக்கு இறக்கி, ஆடிஷின் ஸ்லீப் பவுடரால் தூங்க வைத்தால் சாதா போக்கே பாலே போதும். பவுடர் அடி கொடுக்காது, அதனால் டைப் மாறாது. முன்னதாக சேவ்.

கெக்லியான் கடையில் திருடலாமா? (ஜாலஹள்ளி)

எந்த கேம் என்று எழுதுங்கள் ஐயா! கெக்லியான்கள் கடை நடத்தும் மிஸ்டரி டஞ்சன் என்ற வேறு போக்கிமான் கேமாக இருந்தால், வேண்டாம். அவை கூட்டமாகத் துரத்தி அடித்தே வீழ்த்தும்.

பழைய எமரால்ட் வாங்கினேன், பேட்டரி தீர்ந்தது என்கிறது. கெக்லியான் வருமா? (இந்திராநகர்)

வரும். நின்றுபோவது கேமின் கடிகாரம் மட்டும், பெர்ரி வளராது. ஒரிஜினல் கேட்ரிட்ஜில் சேவ் ஃப்ளாஷ் மெமரியில் இருப்பதால் அழியாது. உலோகக் காதுகள் (டேப்) வெல்ட் செய்த சிஆர் 1616 பேட்டரி வாங்கி மாற்றுங்கள்; வெறும் பேட்டரியில் நேரடியாகச் சால்டர் வைக்காதீர்கள், வெடிக்கக்கூடும்.