மலிவாகக் கிடைக்கும் ஆட்டோபைலட் டிரைவை வாங்கலாமா?

கேள்வி: காரைக்குடியில் இருக்கிறேன். மலேசியாவின் லங்காவியில் நிற்கும் 12 மீட்டர் பாய்மரப் படகு ஒன்றை வாங்கியிருக்கிறேன். காகிதத்தில் எடை 9.5 டன். நானும் மனைவியும் மட்டும் அதில் இலங்கை வரை வர ஆசை. படகைத் தானாகவே திசை பிடித்து ஓட்டும் ஆட்டோபைலட்டின் கட்டுப்பாட்டுப் பெட்டி ரேமரின் கம்பெனியின் ஏசியு-200. சுக்கானைத் தள்ளித் திருப்பும் டிரைவ் பழுது. ஒருவர் பழைய டைப் 2 லீனியர் டிரைவ் (தண்டு நீண்டு சுருங்கும் வகை) தருகிறார். வாங்கலாமா? சுக்கான் தண்டில் மாட்டும் கையை ஊரிலேயே லேத்தில் கடைந்துகொண்டு போகலாமா?

பதில்: டிரைவ் சரியானதுதான் அண்ணே, ஆனால் உங்கள் பெட்டியோடு சேராது. ஏசியு-200 அதைவிடச் சின்னதான டைப் 1 டிரைவுக்கானது. டைப் 2 இழுக்கும் கரண்டுக்கு ஏசியு-400 வேண்டும். டிரைவ், பெட்டி இரண்டின் விலையையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

அப்படியானால் டைப் 1 போதுமே என்று தோன்றும். அது தாங்கும் படகு எடையின் வரம்பு 11 டன். காகிதத்தில் உள்ள 9.5 டன் வெறும் படகின் எடை. தண்ணீர் 400 லிட்டர், டீசல் 200 லிட்டர், 10 மி.மீ. நங்கூரச் சங்கிலி 70 மீட்டர் என்று ஏற்றினாலே முக்கால் டன் ஏறிவிடும். பேட்டரி, சின்னப் படகு, அரிசி பருப்பு எல்லாம் சேர்ந்தால் வரம்பைத் தொட்டுவிடுவீர்கள். டிசம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குக் காற்றில்தான் வருவீர்கள். அலை பின்னாலிருந்து தள்ளத் தள்ள டிரைவுக்கு ஓய்வே இருக்காது. இரண்டே பேர் இரவும் பகலும் மாற்றி மாற்றிச் சக்கரம் பிடிக்க முடியாது. இதில் மட்டும் சிக்கனம் வேண்டாம்.

பழைய டிரைவை வாங்குமுன் ஸ்டிக்கரில் 12 வோல்ட்டா 24 வோல்ட்டா என்று பாருங்கள், படகின் வோல்டேஜ்தான் இருக்க வேண்டும். அப்புறம் மோட்டாரைத் தண்டோடு பிணைக்கும் கிளட்சுக்கு மட்டும் கரண்ட் கொடுங்கள். 'டக்'கென்று பிடிக்க வேண்டும், டிரைவின் தண்டைக் கையால் தள்ளினால் அசையக் கூடாது. கரண்டை எடுத்ததும் தாராளமாக நகர வேண்டும். பிடித்தும் வழுக்கினால் விட்டுவிடுங்கள். (எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் ஸ்டீயரிங் என்றால் இந்த டிரைவே வேண்டாம், சிலிண்டரின் கொள்ளளவுக்கு ஏற்ற பம்ப் பார்க்க வேண்டும்.)

சுக்கான் தண்டில் மாட்டும் கையைத் தாராளமாக ஊரில் செய்யலாம். 316 ஸ்டெயின்லெஸ், போல்ட் போட்டு இறுக்கும் இரண்டு பாதியாக இருக்கட்டும். சாவிக் காடி (கை தண்டில் வழுக்காமல் பூட்டும் சாவிக்கான பள்ளம்) கட்டாயம், வெறும் இறுக்கத்தை நம்பாதீர்கள். சுக்கான் தண்டின் விட்டத்தை டேப்பால் அல்ல, வெர்னியரால் இரண்டு உயரத்தில் அளந்து வாருங்கள். தண்டின் மையத்திலிருந்து டிரைவ் மாட்டும் துளைவரை 250 மி.மீ. வைத்தால், பக்கத்துக்கு 35 பாகை திரும்ப டிரைவின் தண்டுக்கு ஏறக்குறைய 290 மி.மீ. ஓட்டம் போதும். கை இதைவிட நீண்டால் டிரைவ் தன் ஓட்டத்தின் எல்லையில் முதலில் முட்டிவிடும். சுக்கான்தான் தன் தடுப்பில் முதலில் முட்ட வேண்டும்.

இந்தக் கையைச் சக்கரத்தின் வயர் ஓடும் குவாட்ரண்டில் (சுக்கான் தண்டில் உள்ள விசிறி வடிவத் துண்டு) இணைக்காமல் நேரே தண்டில் மாட்டுங்கள். நடுக்கடலில் வயர் அறுந்தாலும் ஆட்டோபைலட் படகைத் திருப்பிக்கொண்டே இருக்கும்.