நூல் உருண்டையின் காகிதத்தைத் தூக்கி எறியாதீர்கள்

ஸ்வெட்டருக்கு வேலையே இல்லாத மாவட்டம் நம் கன்னியாகுமரி. ஆனாலும் இந்த முறை வந்த கேள்விகளில் முக்கால்வாசி ஊசியும் உல்லன் நூலும் பற்றியவை. பிள்ளைகள் குளிர் நாட்டில் இருக்கிறார்கள், சாரல் விடாத மதியங்களில் சும்மா உட்கார முடியவில்லை, கைபேசியில் யாரோ பின்னுகிற வீடியோ வருகிறது. அப்புறம் என்ன, ஆர்டர் போட்டாகிவிடுகிறது. அதற்குப் பிறகுதான் எனக்குக் கடிதம். இந்த ஒருவர் மட்டும் வாங்குவதற்கு முன்பே கேட்டுவிட்டார், அவரிடமிருந்தே தொடங்குகிறேன்.

பின்னக் கற்றுக்கொள்ள ஆசை. ஆன்லைனில் 1,250 ரூபாய்க்கு ஒரு செட் பார்த்தேன். 12 நிறத்தில் நூல், 11 ஜோடி ஊசி, கத்தரி, பை எல்லாம் இருக்கிறது. வாங்கலாமா அக்கா? (மார்த்தாண்டம் வாசகி)

வேண்டாம். 11 ஜோடியில் முதல் ஆறு மாதத்துக்கு ஒரு ஜோடிதான் கையில் ஏறும். நூல் உருண்டைகள் படத்தில் பெரிதாகத்தான் தெரியும். கீழே எடை எழுதியிருக்கும், அதைப் பாருங்கள். ஒவ்வொன்றும் 20, 25 கிராம் என்றால் எந்த நிறத்திலும் உருப்படியாக ஒன்றும் முடியாது.

ஒரே நிறத்தில் 100 கிராம் நூல், 4 மி.மீ. ஊசி ஒரு ஜோடி, நூல் முனைகளைச் செருகிவிடக் கண் பெரிதான மொட்டை ஊசி ஒன்று. இவ்வளவுதான் செலவு. கத்தரி வீட்டில் இருக்கிறது.

நிறம் வெளிறியதாக இருக்கட்டும். கறுப்பும் கருநீலமும் எடுத்தால் இரவு ட்யூப்லைட் வெளிச்சத்தில் எது கண்ணி (ஊசியில் விழும் நூல் வளையம்), எது இடைவெளி என்றே தெரியாது. பூனைக்குட்டி மாதிரி முடி நீட்டிக்கொண்டிருக்கும் நூலும் வேண்டாம். தொடக்கத்தில் பின்னுவதில் பாதி பிரிக்கத்தான் போகிறோம், அந்த நூல் பிரிக்க வராது. கடையில் நிற்கும்போதே ஒன்று செய்து பார்க்கலாம். நூலின் முனையை இரண்டு விரலுக்கு நடுவே வைத்து, முறுக்குக்கு எதிராக இரண்டு திருப்பு திருப்புங்கள். உடனே தனித்தனி இழையாகப் பிரிந்து விழுந்தால் வைத்துவிட்டு வேறு எடுங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு கண்ணியிலும் ஊசி முனை இழைக்கு நடுவே குத்தி உயிரை வாங்கும்.

பழகுவதற்கு அக்ரிலிக் போதும். கொஞ்சம் இழுத்துக் கொடுக்கும், விலையும் குறைவு. பருத்தி நூல் நம் வெயிலுக்கு நல்லதுதான், ஆனால் இழுபடாது, புதுக் கைக்கு வலிக்கும். அதை இரண்டாவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு விஷயத்தில் மட்டும் விலக்கு கிடையாது. சூடான பாத்திரம் இறக்கும் பிடிதுணி பின்னுவதாக இருந்தால் பருத்திதான். அக்ரிலிக் சூட்டில் உருகும், உருகினால் தோலில் ஒட்டிக்கொள்ளும்.

வீடியோவில் 8-ம் நம்பர் ஊசி என்றார்கள். நாகர்கோவிலில் கேட்டு 8-ம் நம்பரே வாங்கினேன். 80 கண்ணி போட்டு என் தலைக்கே ஒரு தொப்பி பின்னினேன். என் ஆறு வயது மகனுக்குக்கூட இறுக்கம். ஊசி போலியா? (தக்கலை வாசகி)

ஊசி போலி இல்லை, நம்பர்தான் இரண்டு. நம் கடைகளில் இன்னும் புழங்குவது பழைய பிரிட்டிஷ் கணக்கு. அதில் நம்பர் ஏற ஏற ஊசி மெலியும். 6 என்றால் 5 மி.மீ., 8 என்றால் 4 மி.மீ., 10 என்றால் 3.25 மி.மீ. அமெரிக்கக் கணக்கு நேர் எதிர். அங்கே 6 என்பது 4 மி.மீ., 8 என்பது 5 மி.மீ. நீங்கள் பார்த்தது அமெரிக்க வீடியோவாக இருக்கும்.

ஒரு மில்லிமீட்டரில் என்ன வந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். 5 மி.மீ. ஊசியில், அதற்கேற்ற தடிமனான நூலில், 10 செ.மீ. அகலத்துக்குச் சுமார் 18 கண்ணி வரும். 4 மி.மீ. ஊசியில் அதற்கேற்ற நூலில் 22 வரும். உங்கள் 80 கண்ணி முதல் கணக்கில் 44 செ.மீ., இரண்டாவதில் 36 செ.மீ. எட்டு சென்டிமீட்டர் அங்கே போய்விட்டது.

இனி கடையில் நம்பர் சொல்லாமல் மில்லிமீட்டர் சொல்லிக் கேளுங்கள். ஊசியின் தலையிலோ அட்டையிலோ பெரும்பாலும் அச்சிட்டிருக்கும். நூலுக்கும் இதே கதை உண்டு. '4 பிளை' என்பது எத்தனை இழை சேர்த்து முறுக்கியது என்பதுதான், எவ்வளவு தடிமன் என்பது அல்ல. ஒரு கம்பெனியின் 4 பிளை இன்னொன்றின் 4 பிளையைவிடத் தடியாக இருக்கலாம். உருண்டையைச் சுற்றிய காகிதத்தில் இரண்டு ஊசி குறுக்காகப் போட்ட சின்னப் படத்துக்குப் பக்கத்தில் மி.மீ. இருக்கும், அதை நம்புங்கள். 100 கிராமுக்கு எத்தனை மீட்டர் என்றும் பாருங்கள். மீட்டர் கூடினால் நூல் மெல்லிசு. விலையை ஒப்பிடும்போதும் உருண்டைக்கு உருண்டை பார்க்காமல் மீட்டருக்கு மீட்டர் பார்ப்பதே சரி.

எனக்கு வயது 66. கடலுக்குப் போவதை விட்டுவிட்டேன். வலை பின்னுவேன், கிழிசலும் கட்டுவேன். பேத்தியோடு சேர்ந்து இதையும் பழகுகிறேன், வீட்டில் சிரிக்கிறார்கள். ஊசி அலுமினியமா, மூங்கிலா? (குளச்சல் வாசகர்)

சிரிக்கிறவர்களுக்கு முதல் தொப்பியைப் பின்னிக் கொடுத்துவிடுங்கள் ஐயா.

மூங்கில் வாங்குங்கள். அலுமினியம் வழுக்கும், தொடக்கத்தில் கண்ணிகள் மொத்தமாக ஊசியை விட்டு இறங்கிவிடும். வியர்க்கிற கையில் வெள்ளை நூலோடு பிடித்தால் சாம்பல் நிறக் கறையும் விடலாம். இரும்பு ஊசியைக் கடற்கரை வீட்டில் வைத்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மூங்கிலில் முனையை மட்டும் விரலால் தடவிப் பார்த்து வாங்குங்கள். சிலாம்பு இருந்தால் நூலைப் பிடித்து இழுக்கும்.

வலை தெரிந்தவர் என்பதால் இன்னொன்று. வலையில் ஒவ்வொரு கண்ணிக்கும் முடிச்சு உண்டு, ஓரிடத்தில் அறுந்தால் அங்கேயே நிற்கும். இதில் முடிச்சே கிடையாது. ஒரு கண்ணி நழுவினால் ஏணிப்படி மாதிரி கீழே வரை இறங்கிக்கொண்டே போகும். பதறி நூலை இழுக்காதீர்கள். ஒரு குரோஷா கொக்கியை, அதாவது முனை வளைந்த ஊசியை, நழுவிய கண்ணிக்குள் விட்டு, மேலே உள்ள குறுக்கு நூலை ஒவ்வொன்றாக அதன் வழியே இழுத்தால் மேலே ஏறி வந்துவிடும்.

மகள் கனடாவில் மாசமாக இருக்கிறாள். பேரப்பிள்ளைக்கு ஸ்வெட்டரும் தொப்பியும் பின்ன வேண்டும். அசல் கம்பளி வாங்கவா, அக்ரிலிக் போதுமா? எத்தனை உருண்டை? (கருங்கல் வாசகி)

முதலில் ஒரு பேச்சு வழக்கைச் சொல்லிவிடுகிறேன். நம் ஊர் ஃபேன்சி ஸ்டோரில் 'உல்லன் நூல்' என்று கேட்டால் எடுத்துத் தருவது அநேகமாக அக்ரிலிக்தான். ஏமாற்று இல்லை, பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. அசல் ஆட்டுக் கம்பளி வேண்டுமென்றால் காகிதத்தில் எத்தனை சதவீதம் கம்பளி என்று போட்டிருக்க வேண்டும்.

கைக்குழந்தைக்கு நான் சொல்வது மிருதுவான அக்ரிலிக், அல்லது மெஷினில் துவைக்கலாம் என்று எழுதிய கம்பளி. பிள்ளை பெற்றவள் அங்கே தனியாக இருப்பாள். பாலும் எச்சிலும் பட்ட ஸ்வெட்டரை வாளியில் கையால் அலச அவளுக்கு எங்கே நேரம்? சாதாரணக் கம்பளியைத் தெரியாமல் மெஷினில் போட்டால் சுருங்கிக் கெட்டியாகி, பொம்மைக்குத்தான் போடலாம். முடி உதிரும் நூலும் வாய்க்குள் போகும், வேண்டாம். கன்னத்தில் வைத்துத் தேய்த்துப் பாருங்கள், அரித்தால் பிள்ளைக்கும் அரிக்கும்.

அளவில்தான் எல்லோரும் தவறுகிறார்கள். பிறந்த குழந்தையின் தலைச் சுற்றளவு 35 செ.மீ. அளவில் இருக்கும், ஆறு மாதத்தில் 43-ஐத் தொடும். நீங்கள் பின்னி முடித்து, பார்சல் போய்ச் சேர்வதற்குள் குழந்தை வளர்ந்துவிடும். அதனால் ஆறு மாத அளவுக்கே பின்னுங்கள். தொப்பி இழுபட்டு நிற்க வேண்டும், எனவே 43-ல் பத்தில் ஒரு பங்கைக் கழித்தால் 39. பத்து சென்டிமீட்டருக்கு 22 கண்ணி என்றால் 86 கண்ணி. அந்த 22 என்பது உங்கள் கைக்கும் வருகிறதா என்று ஒரு சின்னச் சதுரம் பின்னி அளந்துவிட்டுத் தொடங்குங்கள். தொப்பிக்கும் ஸ்வெட்டருக்கும் சேர்த்து 200 கிராம் வாங்கினால் பயமில்லை. 200-ஐயும் ஒரே நாளில் வாங்குங்கள். ஏனென்று அடுத்த கேள்வியில் இருக்கிறது.

மஃப்ளர் பாதியில் நூல் தீர்ந்தது. அதே கடை, அதே கம்பெனி, அதே நிற எண். ஆனால் பின்னினால் கோடு போட்ட மாதிரி நிறம் மாறித் தெரிகிறது. கடைக்காரர் மாற்றித் தர மறுக்கிறார். (நாகர்கோவில் வாசகி)

கடைக்காரர் மேல் தப்பில்லை. காகிதத்தில் நிற எண்ணுக்குப் பக்கத்தில் இன்னொரு எண் இருக்கும், சாயத் தொகுதி எண். ஆங்கிலத்தில் 'டை லாட்' என்று போட்டிருப்பார்கள். நிற எண் ஒன்றாகவே இருந்தாலும், வேறு சாயத் தொட்டியில் முக்கியெடுத்த நூல் ஒரு பொட்டு வித்தியாசப்படும். உருண்டையாகக் கையில் இருக்கும்போது தெரியாது, பின்னியதும் பளிச்சென்று தெரியும். அதனால்தான் தேவைக்கு ஓர் உருண்டை கூடுதலாக, ஒரே லாட்டில் வாங்கச் சொல்வது. காகிதமே இல்லாமல் கிலோ கணக்கில் தரும் நூலில் இதைப் பார்க்கவே வழியில்லை, மலிவு என்று போகாதீர்கள்.

உங்கள் மஃப்ளருக்கு வழி உண்டு. புதிய நூலையும், அதற்கு முந்தைய பழைய நூலில் கொஞ்சம் கையில் சேரும் வரையும் பிரியுங்கள். அங்கிருந்து இரண்டு வரிசை பழையது, இரண்டு வரிசை புதியது என்று மாற்றி மாற்றிப் பின்னுங்கள். கோடு கரைந்துவிடும். பிரிக்க மனம் வராவிட்டால் புதிய நூலை இரண்டு ஓரத்துக்கும் வைத்து, வேண்டுமென்றே செய்த கரை மாதிரி ஆக்கிவிடுங்கள்.

அம்மா லேஸ் பின்னுவார். அவருடைய நூல் பந்துகளும் கொக்கிகளும் டப்பா நிறைய இருக்கின்றன. அதிலேயே நிட்டிங் பழகலாமா? (முளகுமூடு வாசகி)

முடியாது, ஆனால் அந்த டப்பாவை யாருக்கும் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள். 1820-களில் லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் நாகர்கோவிலில் பெண்களுக்கு லேஸ் கற்றுக்கொடுக்கத் தொடங்கியதிலிருந்து இந்த மாவட்டத்தில் தொடர்ந்து வந்த கைவேலை அது. அந்தப் பழைய லேஸ், திண்டில் குண்டூசி குத்தி, சின்ன மரக்கட்டைகளில் சுற்றிய நூல்களை மாற்றி மாற்றிப் போட்டு நெய்வது. உங்கள் அம்மாவுடையது கொக்கி வேலை, அதாவது குரோஷா. நிட்டிங் மூன்றாவது ஜாதி. கொக்கியில் ஒரு நேரத்தில் ஒரு கண்ணிதான் உயிரோடு இருக்கும், இதில் ஒரு வரிசைக் கண்ணி முழுவதும் ஊசியிலேயே உட்கார்ந்திருக்கும். லேஸ் நூல் தையல் நூலுக்கு அண்ணன் மாதிரி மெல்லிசு, அதில் தொடங்கினால் ஒரு வாரத்தில் வெறுத்துவிடும். கொக்கிகளில் தடித்தது ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், குளச்சல் ஐயாவுக்குச் சொன்ன வேலைக்கு ஆகும்.

100 சதவீதம் கம்பளி என்று போட்டு ஆன்லைனில் விற்றார்கள். நெருப்பில் காட்டினால் உருகுகிறது. 'விற்ற பொருள் வாபஸ் இல்லை' என்கிறார்கள். (அருமனை வாசகர்)

சோதனையைச் சரியாகச் செய்தீர்களா என்று முதலில் பார்ப்போம். விரல் நீள நூலை இடுக்கியில் பிடித்து, தண்ணீர்த் தொட்டிக்கு மேல் வைத்துக் கொளுத்துங்கள். அசல் கம்பளி தீயை விட்டுச் சுருண்டு விலகும், தீயை எடுத்ததும் தானே அணையும். தலைமுடி கருகும் நாற்றம் வரும், சாம்பலை நசுக்கினால் பொடியாகும். பருத்தி காகிதம் மாதிரி எரியும். அக்ரிலிக் உருகி, கரும்புகை விட்டு, ஆறியதும் கல் மாதிரி மணியாக நிற்கும். முடி நாற்றமும் மணியும் சேர்ந்து வந்தால் கலப்பு நூல்.

உங்களுக்குக் கெட்டி மணி என்றால் விற்றவர் சொன்னது பொய். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணத்தைத் தர மறுப்பது முறையற்ற வணிகம். பில்லில் கால வரம்பு எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள் என்பது கணக்கு. 'வாபஸ் இல்லை' என்று அச்சடித்தால் சட்டம் மாறிவிடாது. ஆனால் நிறம் பிடிக்கவில்லை என்பதற்கெல்லாம் இது பொருந்தாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

மிச்ச நூலைத் தொடாதீர்கள், துவைக்காதீர்கள். காகிதம், பில், விற்பனைப் பக்கத்தில் '100 சதவீதம்' என்று போட்டிருக்கும் படம் மூன்றையும் எடுத்து வையுங்கள். முதலில் எழுத்தில் புகார் கொடுங்கள். அசையாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பெரும்பாலும் அதிலேயே இறங்கி வந்துவிடுவார்கள். அதற்கும் மேலே என்றால் நாகர்கோவிலில் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. பொருளுக்குக் கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். 900 ரூபாய் நூலுக்காக அலைய வேண்டுமா என்பது உங்கள் விருப்பம். எனக்கென்றால் 1915 வரை போவேன், அதோடு நிறுத்திக்கொள்வேன்.

30 கண்ணியில் தொடங்கினேன், எப்படியோ 38 ஆகிவிட்டது. நூலில் குறையா? (அஞ்சுகிராமம் வாசகி)

நூலில் இல்லை. என் முதல் மஃப்ளர் 30-ல் தொடங்கி 41-ல் முடிந்தது, விசிறி மாதிரி இருந்தது, இன்னும் அலமாரியில் கிடக்கிறது. வரிசையைத் திருப்பியதும் நூலை ஊசிக்கு மேலே தூக்கிப் பின்பக்கம் போட்டிருப்பீர்கள். அப்படிப் போட்டால் முதல் கண்ணியின் இரண்டு காலும் மேலே வந்து இரண்டு கண்ணி மாதிரி தெரியும், இரண்டையும் பின்னிவிடுவோம். திருப்பியதும் நூலைக் கீழே இழுத்துவிட்டு, ஊசிக்கு அடியில் கொண்டுபோய்ப் பின்பக்கம் வைத்துத் தொடங்குங்கள். ஒரு பத்து வரிசைக்கு ஒவ்வொன்றின் முடிவிலும் எண்ணிப் பாருங்கள். 31 வந்தால் அந்த ஒரு வரிசையை மட்டும் பிரித்தால் போதும்.