கணுக்கால் படுக்கைப் புண்: முதலில் பாரத்தை இறக்குங்கள்

கேள்வி: பக்கவாதம் வந்து படுத்த படுக்கையாக இருக்கும் என் அப்பாவுக்கு 72 வயது. வலது காலில், வெளிக்கணுக்கால் எலும்பின் மேல் கறுத்திருந்த இடம் இப்போது ஒரு ரூபாய் நாணய அளவுக்குப் புண்ணாகிவிட்டது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்கிறோம். களிம்பும் தடவுகிறோம். ஏன் ஆறவில்லை?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: அப்பாவைத் திருப்பினாலும் அந்த எலும்பின் மேல் விழும் பாரம் இறங்கவில்லை என்றே தோன்றுகிறது. வெளிக்கணுக்காலில் எலும்புக்கும் தோலுக்கும் நடுவே சதை கிடையாது. வலப்பக்கம் ஒருக்களித்தால் முழு அழுத்தமும் அங்கேதான். மல்லாந்து படுத்தாலும், வலுவிழந்த கால் தானாக வெளிப்பக்கம் சரிந்து அதே எலும்பு மெத்தையில் பதியும். பலரும் கவனிக்கத் தவறுவது இதைத்தான்.

மல்லாந்து படுக்கும்போது முழங்காலுக்குக் கீழிருந்து கணுக்காலுக்குச் சற்று மேல் வரை, கெண்டைக்கால் முழுவதையும் தாங்கும்படி தலையணை வையுங்கள். முழங்கால் லேசாக மடங்கியிருக்கட்டும். குதிகாலும் கணுக்காலும் எதையும் தொடாமல் நிற்க வேண்டும். அடியில் உங்கள் கை தாராளமாக நுழைந்து வந்தால் சரி. கால் சரியாமலிருக்க ஒரு துண்டைச் சுருட்டி, இடுப்பு முதல் முழங்காலுக்கு மேல் வரை தொடையின் வெளிப்புறம் அணைகொடுங்கள். கட்டைவிரல் கூரையைப் பார்க்கும். முழங்காலுக்குக் கீழே வெளிப்புறத்தில் மட்டும் எதையும் முட்டுக்கொடுக்காதீர்கள். அங்கே ஒரு நரம்பு எலும்பை ஒட்டி ஓடுகிறது. அது நசுங்கினால் பாதம் தொங்கிப்போகும்.

புண் ஆறும்வரை வலப்பக்கம் படுக்க வைக்க வேண்டாம். இடப்பக்கம் திருப்பும்போதும் 90 டிகிரிக்கு நிமிர்த்தாமல், முதுகுக்குத் தலையணை கொடுத்து 30 டிகிரி அளவுக்குச் சாய்த்துப் படுக்க வையுங்கள். கால்களுக்கு நடுவே ஒரு தலையணை. துணியைச் சும்மாடுபோல் சுருட்டி நடுக்குழியில் கணுக்காலை வைப்பது நல்ல எண்ணத்தில் செய்யப்படும் தவறு. சுற்றியுள்ள வளையம் அழுத்தி, நடுவிலுள்ள புண்ணுக்கு வரும் ரத்தத்தைத் தடுக்கும். தண்ணீர் நிரப்பிய கையுறையும் உதவாது. ஏர் பெட் வாங்கினாலும் திருப்புவதை நிறுத்தக்கூடாது.

இடது கணுக்காலையும் தினமும் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் மூன்று விநாடி அழுத்தி எடுத்தபின்னும் நிறம் வெளுக்கவில்லையென்றால் அது புண்ணின் முதல் கட்டம். மாநிறத்திலும் கறுத்த தோலிலும் சிவப்பு தெரியாமல் போகலாம். சூடு, கெட்டித்தன்மை, வலி இவற்றைச் சுற்றியுள்ள தோலோடு ஒப்பிடுங்கள். அந்த இடத்தில் எண்ணெய் தேய்த்து நீவவே கூடாது.

கேள்வி: புண்ணைத் தினமும் ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றிக் கழுவி, காயட்டும் என்று திறந்து விடுகிறோம். சரியா?
– வாசகர், மதுரை

பதில்: இரண்டையும் நிறுத்துங்கள். பெராக்சைடு கிருமியோடு புதிதாக வளரும் திசுவையும் அரிக்கும். காய்ந்த புண்ணில் தோல் வளர்வதும் மெதுவாகும். 0.9 சதவீத நார்மல் சலைனை ஊசி இல்லாத 20 மி.லி. சிரிஞ்சில் எடுத்துப் பீய்ச்சிக் கழுவுங்கள். சுற்றுத்தோலை ஒற்றித் துடைத்து, ஈரப்பதம் காக்கும் ஃபோம் டிரஸ்ஸிங் ஒட்டுங்கள். கசிவு ஓரத்தை எட்டாவிட்டால், பொதுவாகச் சில நாள் அப்படியே விடலாம். தினமும் பிரித்துப் பார்ப்பது புண்ணைத் தொந்தரவு செய்வதுதான். டிரஸ்ஸிங் மேல் இறுக்கிக் கட்டு போடாதீர்கள்.

காய்ந்து கெட்டியாக ஒட்டியிருக்கும் கறுப்புப் பொருக்கை நீங்களாக ஊறவைத்துப் பிய்க்கக் கூடாது. பாதத்துக்கு ரத்த ஓட்டம் போதாதபோது அந்தப் பொருக்கே மூடியாக இருந்து காக்கிறது.

உணவையும் பாருங்கள். புண் ஆற உடல் எடையில் கிலோவுக்கு 1.25 முதல் 1.5 கிராம் புரதம் தேவை. 60 கிலோ எடைக்கு 75 முதல் 90 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம்தான் இருக்கிறது என்றால், கஞ்சியும் ரசமும் மட்டும் கொடுப்பது எவ்வளவு குறைவு என்று புரியும். சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்கள் மருத்துவரிடம் அளவு கேட்டே கூட்ட வேண்டும்.

கேள்வி: எப்போது மருத்துவமனைக்குப் போக வேண்டும்?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: சர்க்கரை நோயாளி, புகைபிடித்தவர், பாதம் சில்லிட்டிருப்பவர் என்றால் புண் கண்ட உடனே. பாதத்து நாடித்துடிப்பும் ரத்த ஓட்டமும் பரிசோதிக்கப்படாமல் கணுக்கால் புண்ணுக்கு வைத்தியம் செய்வது இருட்டில் நடப்பது. மற்றவர்கள், பாரத்தை முழுதும் இறக்கியும் இரண்டு வாரத்தில் முன்னேற்றம் தெரியாவிட்டால் போக வேண்டும். பரவும் சிவப்பு, சீழ், நாற்றம், காய்ச்சல், புண்ணின் அடியில் எலும்பு தெரிவது ஆகியவை இருந்தால் அன்றே போங்கள். எலும்புக்குள் தொற்று இறங்கியிருக்கலாம். முதல் இரண்டு வாரங்கள் எக்ஸ்ரேயில் அது தெரியாமல் போகலாம் என்பதால் எம்.ஆர்.ஐ. கேட்கக்கூடும்.

கேள்வி: நன்றாக நடமாடும் என் அம்மாவுக்கு இரண்டு வெளிக்கணுக்காலிலும் தோல் கறுத்துத் தடித்திருக்கிறது. படுக்கைப் புண்ணா?
– வாசகர், ஈரோடு

பதில்: தரையில் வெகுநேரம் சம்மணமிட்டு உட்காருபவர்களுக்கு வரும் காய்ப்பாகவே இருக்கக்கூடும். தடித்த விரிப்பில் உட்காரட்டும், நாற்காலியையும் பயன்படுத்தட்டும். பிளேடால் சீவ வேண்டாம். வெடிப்போ நீர்க்கட்டு போன்ற வீக்கமோ வந்தால் காட்டுங்கள்.