வாங்கலாமா, வேண்டாமா? - இரண்டாவது லென்ஸ்

செப்டம்பர் வந்தால் சிங்கப்பூரின் சுங்கை பூலோ சதுப்புநிலத்தில் புலம்பெயர் பறவைகள் இறங்கும். எனக்கு லென்ஸ் கடிதங்கள் இறங்கும். இந்த முறை வந்தவற்றைச் சுருக்கித் தந்திருக்கிறேன். "அன்புள்ள ஐயா, நலம், நலமறிய ஆவல்" எல்லாம் வெட்டியாயிற்று. மன்னிக்கவும்.

கேனன் 1500டி வைத்திருக்கிறேன். கூடவே வந்த 18-55 மி.மீ. லென்ஸ்தான் இருக்கிறது. இயற்கைக் காட்சி, பறவை, விலங்கு எல்லாவற்றுக்கும் சேர்த்து இரண்டாவதாக ஒரு லென்ஸ் வேண்டும். 400 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) மேல் முடியாது. (தெம்பனிஸ்)

காட்சிக்கான லென்ஸ் ஏற்கெனவே உங்கள் கையில் இருக்கிறது. அந்த 18-55ஐ 18இல் வைத்து, எஃப்/8 துவாரத்தில், ட்ரைபாடில் ஏற்றி, காலை ஏழு மணிக்கு மெக்ரிட்சியில் ஒரு படம் எடுங்கள். அதைவிட நான்கு மடங்கு விலையுள்ள லென்ஸில் எடுத்த படத்தையும் பக்கத்தில் வைத்தால், எது எதில் எடுத்தது என்று என்னால் சொல்ல முடியாது. ஆகவே 400 வெள்ளியையும் விலங்குக்கே ஒதுக்குங்கள்.

கேனன் இஎஃப்-எஸ் 55-250 ஐஎஸ் எஸ்டிஎம். பழையதாகவே வாங்குங்கள், பாதிப் பணம் மிஞ்சும். லென்ஸின் மேல் 'எஸ்டிஎம்' என்று எழுதியிருக்க வேண்டும். அதற்கு முந்தைய பதிப்புகளில் மோட்டார் மெதுவாக ஓடும், சத்தமும் போடும். எடை 375 கிராம்தான், நாள் முழுக்கக் கழுத்தில் தொங்கலாம். உங்கள் கேமராவின் சென்சார் சிறியது என்பதால் 250 மி.மீ. என்பது பெரிய சென்சாரில் 400 மி.மீ. காட்டும் அளவுக்கு நெருக்கமாகத் தெரியும். பீஷான் பூங்காவில் நீர்நாய், பாதையோர உடும்பு, சுங்கை பூலோ பாலத்திலிருந்து தெரியும் முதலை, புலாவ் உபினில் தாழ்வான கிளையில் உட்காரும் இருவாய்ச்சி, இவற்றுக்கெல்லாம் இது போதும். தூரத்துச் சேற்றில் மேயும் உள்ளான் மட்டும் ஒரு பொட்டாகத்தான் விழும். இப்போதே சொல்லிவிட்டேன், பிறகு அதற்கு ஒரு கடிதம் போடாதீர்கள்.

வாங்கப் போகும்போது கேமராவையும் எடுத்துப் போங்கள். லென்ஸின் பின்பக்கமிருந்து கைபேசி டார்ச்சை அடித்து, முன்பக்கம் வழியாகப் பாருங்கள். ஒன்றிரண்டு தூசி இருந்தால் பரவாயில்லை. சிலந்தி வலைபோல் மெல்லிய இழை தெரிந்தால் பூஞ்சை. விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். அப்புறம் இன்னொன்று: ஐஎஸ் உங்கள் கை நடுக்கத்தைத்தான் அடக்கும், பறவையின் சிறகை அடக்காது. பறக்கும் பறவைக்கு ஷட்டர் 1/1000 நொடியாவது இருக்க வேண்டும்.

50 எக்ஸ் ஸூம் வருகிற லென்ஸ் எது? (உட்லண்ட்ஸ்)

எக்ஸ் என்பது ஒரே லென்ஸின் பெரிய எண்ணைச் சின்ன எண்ணால் வகுத்த ஈவு. தூரத்தில் இருப்பது எவ்வளவு பெரிதாகத் தெரியும் என்பதை அது சொல்லாது. மில்லிமீட்டரைக் கேளுங்கள், அது கூடக்கூடத்தான் தூரத்தில் இருப்பது பெரிதாகத் தெரியும்.

மரினா பராஜிலிருந்து நகரத்தை எடுக்க 10-18 வைட் லென்ஸ் வாங்கலாம் என்றிருக்கிறேன். நிலக்காட்சிக்கு வைட் கட்டாயம்தானே? (பொங்கோல்)

கட்டாயம் இல்லை. பராஜிலிருந்து 10 மி.மீ.யில் எடுத்துப் பாருங்கள்: மேலே வானம், கீழே புல், நடுவில் எறும்புப் புற்று உயரத்தில் ஒரு நகரம். அங்கே தேவைப்படுவது 35, 50, சில சமயம் 100. வைட் லென்ஸ் பயன்படுவது காலடியில் ஏதாவது இருக்கும்போதுதான், அலையாத்தி வேரோ பாறையோ எதுவோ. முதலில் நல்ல ட்ரைபாட் வாங்குங்கள். அதன்பிறகும் வைட் ஆசை அடங்கவில்லை என்றால் வாங்குங்கள், தடுக்கமாட்டேன்.

"கேமரா, மூன்று லென்ஸ், பை, ட்ரைபாட், ஃபில்டர் எல்லாம் சேர்த்து ஒரே விலை" என்று ஒரு கடையில் சொல்கிறார்கள். தனியாக இரண்டாவது லென்ஸ் வாங்குவதைவிட இது மலிவு இல்லையா? (ஈசூன்)

இந்தக் கேள்வி வந்தாலே எனக்கு ரத்தக் கொதிப்பு ஏறும். பொறுமையாகச் சொல்லப் பார்க்கிறேன்.

அந்த மூன்று லென்ஸில் இரண்டு, லென்ஸே இல்லை. பெட்டியைத் திறந்து பாருங்கள்: '0.43எக்ஸ் வைட்', '2.2எக்ஸ் டெலி' என்று எழுதிய இரண்டு கண்ணாடி மூடிகள் இருக்கும். ஃபில்டர் திருகும் இடத்தில், உங்கள் 18-55இன் மூக்கின் மேல் திருகவேண்டியதுதான். நன்றாக இருந்த லென்ஸுக்குப் பவர் தெரியாத மூக்குக்கண்ணாடி மாட்டின கதை. நடுவில் ஏதோ தெரியும். ஓரமெல்லாம் குழைந்து, கிளையின் விளிம்பில் ஊதாவும் பச்சையும் கோடு போடும். 2.2ஐ 55ஆல் பெருக்கி '121 மி.மீ.' என்று கடைக்காரர் கணக்குச் சொல்வார். கணக்கு சரி, படம்தான் சரியில்லை.

எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? என் மேசை இழுப்பறையில் இரண்டும் கிடக்கின்றன. முதல் கேமரா வாங்கின அன்று, "இலவசம் அண்ணே" என்ற ஒரு சொல்லில் விழுந்தேன். வீட்டுக்கு வந்து ரசீதைப் பார்த்தால், அதே கேமராவை இரண்டு கடை தள்ளி என் நண்பர் 140 வெள்ளி குறைவாக வாங்கியிருந்தார். அவருக்கு ஓர் இலவசமும் இல்லை. என் இலவச ட்ரைபாட் கேமராவை ஏற்றியதும் மெதுவாகத் தலைகுனிந்தது. பை மட்டும் இன்னும் உழைக்கிறது, என் மனைவி அதில் வெங்காயம் வைத்திருக்கிறார்.

ஆகவே கடையில் ஒன்று செய்யுங்கள். "இந்த இலவசம் எதுவும் வேண்டாம், கேமராவும் அந்த ஒரு நிஜ லென்ஸும் மட்டும் என்ன விலை?" என்று கேளுங்கள். விலை இறங்கினால் இலவசத்தின் விலை தெரிந்துவிடும். இறங்கவில்லை என்றால் அடுத்த கடையிலும் இதையே கேளுங்கள். 'மூன்று லென்ஸ்' என்று எண்ணிக்கை சொல்லி விற்கும் எதையும் நான் நம்புவதில்லை.

மகன் பிறந்தநாளுக்காக ஒரு கடையில் 70-300 லென்ஸ் வாங்கினேன். லோக்கல் செட், அதாவது இங்கே வாரண்டி உள்ளது, என்று சொல்லித்தான் விற்றார்கள், ரசீதிலும் எழுதியிருக்கிறது. மூன்றே மாதத்தில் ஆட்டோஃபோகஸ் நின்றுவிட்டது. சர்வீஸ் சென்டரில், இது எக்ஸ்போர்ட் செட், இங்கே வாரண்டி கிடையாது என்கிறார்கள். கடைக்காரர், "நீங்கள்தான் கீழே போட்டிருப்பீர்கள்" என்கிறார். எனக்கு லென்ஸ் பற்றி ஒன்றும் தெரியாது. என் தவறா? (தோ பாயோ)

இல்லை அக்கா, உங்கள் தவறு துளியும் இல்லை. கேட்டு வாங்கினீர்கள், எழுதியும் வாங்கினீர்கள். லென்ஸ் வல்லுநர்கள் பலர் செய்யாததைச் செய்திருக்கிறீர்கள்.

இங்கே 2012 செப்டம்பர் முதல் 'லெமன் சட்டம்' நடப்பில் இருக்கிறது. பொருளைப் பெற்று ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், அந்தக் குறை விற்றபோதே இருந்ததாகத்தான் சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிப்பது கடைக்காரர் வேலை. "கீழே போட்டிருப்பீர்கள்" என்று வாயால் சொன்னால் போதாது. பழுது பார்த்துத் தரவோ மாற்றித் தரவோ முதலில் கேளுங்கள். அது நடக்கவில்லை என்றால் விலைக் குறைப்போ பணமோ கேட்கலாம். எக்ஸ்போர்ட் செட்டை லோக்கல் செட் என்று விற்றது தனிக் குற்றச்சாட்டு, அதையும் சேர்த்து எழுதுங்கள்.

எல்லாவற்றையும் எழுத்தில் கேளுங்கள், தேதி போட்டு. சர்வீஸ் சென்டர் சொன்னதையும் எழுதி வாங்குங்கள். கடை மசியவில்லை என்றால் பயனீட்டாளர் சங்கமான கேஸிடம் (CASE) போங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் சிறு உரிமைகோரல் நடுவர் மன்றம். 20,000 வெள்ளி வரையிலான வழக்கை இரண்டு ஆண்டுக்குள் அங்கே கொண்டுபோகலாம். வழக்கறிஞர் தேவையில்லை, வைத்துக்கொள்ளவும் அனுமதியில்லை. 5,000 வெள்ளிக்குள் என்றால் பயனீட்டாளருக்குக் கட்டணம் 10 வெள்ளி. போங்கள் அக்கா, தயங்காதீர்கள். என்ன ஆயிற்று என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.

நிக்கான் டி90க்கு ஏஎஃப்-பி 70-300 லென்ஸை கேரோசல் இணையச் சந்தையில் வாங்கினேன். எம்ஆர்டி நிலையத்தில் அவசரமாகச் சந்தித்ததால் மாட்டிப் பார்க்கவில்லை. ஃபோகஸே ஆகவில்லை. விற்றவர் ஏமாற்றிவிட்டார், அவர்மீது லெமன் சட்டம் பாயுமா? (ஜூரோங் வெஸ்ட்)

பாயாது. தனிமனிதர் தனிமனிதருக்கு விற்றால் அந்தச் சட்டம் பொருந்தாது. அதோடு, அவர் உங்களை ஏமாற்றவே இல்லையே! ஏஎஃப்-பி என்பது புது வகை மோட்டார். அந்த லென்ஸ்கள் டி90 மாதிரிப் பழைய நிக்கான்களில் இயங்காது. கையால் வளையத்தைத் திருப்பினாலும் ஃபோகஸ் ஆகாது, ஏனென்றால் அந்த வளையமும் மோட்டார் வழியாகத்தான் வேலை செய்கிறது. எந்தக் கேமராவுக்குப் பொருந்தும் என்று நிக்கானே பட்டியல் போட்டிருக்கிறது. லென்ஸில் குறை இல்லை. அதே விலைக்கு விற்றுவிட்டு முந்தைய மோட்டார் உள்ள ஏஎஃப்-எஸ் வகையாகப் பார்த்து வாங்குங்கள். அடுத்த முறை அவசரமாக இருந்தால் சந்திப்பைத் தள்ளிப்போடுங்கள்.

லென்ஸை அரிசி டப்பாவில் வைத்தால் பூஞ்சை பிடிக்காதாமே? (பிடோக்)

அரிசியைச் சமையுங்கள். நம் ஊர்க் காற்றில் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கும் மேல். அரிசித் தூள் லென்ஸ் வளையத்துக்குள் போவதுதான் மிச்சம். காற்றுப் புகாத டப்பா, சிலிக்கா ஜெல், ஈரப்பத மானி மூன்றும் போதும். மானி 40க்கும் 50க்கும் இடையில் நிற்கட்டும். லென்ஸ் இரண்டுக்கு மேல் போனால் ஈரப்பதத்தைத் தானே அடக்கும் அலமாரியான டிரை கேபினட் வாங்குங்கள்.

250 மி.மீ. போதவில்லை. கொஞ்சம் தீனி போட்டால் பறவை கிட்டே வரும் என்கிறார் நண்பர். (சுவா சூ காங்)

வனவிலங்குக்கு உணவு போட்டால் முதல் முறைக்கே 5,000 வெள்ளி வரை அபராதம். அந்தப் பணத்துக்கு 600 மி.மீ. லென்ஸே வாங்கலாம்.

டிசம்பரில் குடும்பத்தோடு முதுமலை போகிறோம். அதற்காக 150-600 வாங்கலாமா? வேறு மலிவான வழி உண்டா? என் ஆசை 500 மி.மீ. மிரர் லென்ஸ்மேல், சின்னதாக, அழகாக இருக்கிறது. (செங்காங்)

ஒரே பயணத்துக்காக வாங்காதீர்கள், வாடகைக்கு எடுங்கள். டாம்ரான் 150-600 இரண்டாம் தலைமுறை லென்ஸ் ஏறக்குறைய இரண்டு கிலோ. விமானக் கைப்பைக்கு ஏழு கிலோதான் என்றால், மீதி ஐந்தில் குழந்தையின் பொருள்கள் எல்லாம் அடங்குமா என்று வீட்டில் கேட்டுக்கொள்ளுங்கள். புறப்படுவதற்கு முந்தைய வார இறுதியில் ஒரு நாள் எடுத்து சுங்கை பூலோவில் சுமந்து பாருங்கள். தோள் ஒத்துக்கொண்டால் ஊருக்கும் எடுத்துப் போகலாம்.

மிரர் லென்ஸ், அதாவது உள்ளே ஆடி வைத்து ஒளியைத் திருப்பும் லென்ஸ், நானும் வாங்கினேன், அதே காரணத்துக்காக. உள்ளங்கையில் அடங்கியது. துவாரம் எஃப்/8இலேயே நிற்கும், கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது, ஃபோகஸ் கையால்தான். தண்ணீரில் நின்ற வெள்ளைக் கொக்கு ஒன்றை அரை மணி நேரம் குறிபார்த்து எடுத்தேன். வீட்டில் பெரிதாக்கிப் பார்த்தால், பின்னால் பளபளத்த ஒவ்வோர் ஒளிப்புள்ளியும் நடுவில் ஓட்டையோடு ஒரு வட்டம். குளம் முழுக்க மெதுவடை மிதந்தது. கொக்கு மட்டும் ஃபோகஸில் இல்லை.