தோற்றவர் எதற்கு நன்றி சொல்ல வேண்டும்?

கேள்வி: எங்கள் சட்டமன்றத் தொகுதியில் சில நூறு வாக்குகளில் தோற்றவர், மறுநாளே சந்திக்குச் சந்தி நன்றி பேனர் கட்டிவிட்டார். ஆதரவாளர்களுக்கு விருந்தும் வைக்கப் போகிறாராம். தோற்ற பிறகு நன்றி எதற்கு? அடுத்த தேர்தலுக்கான விளம்பரம்தானே இது?
- வாசகர், பிறை, பினாங்கு

பதில்: விளம்பரமாகவே இருக்கட்டும். அதற்காக நன்றியே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன்.

நம் மலேசியாவில் ஒரு வாக்கு கூடுதலாக வாங்கினாலும் தொகுதி அவருக்குத்தான். 2013-இல் கேமரன் மலை நாடாளுமன்றத் தொகுதியில் மலேசிய இந்தியர் காங்கிரசின் பழனிவேல் 462 வாக்குகளில் வென்றார். தோற்ற மனோகரனுக்குப் பத்தாயிரத்துக்கும் மேல் வாக்கு விழுந்திருந்தது. அவ்வளவு பேரிடமும் ஒரு வார்த்தை பேச வேண்டியவர் தோற்றவர்தான். வேறு யார் பேசுவார்கள்? மறு ஆண்டு தெலுக் இந்தான் இடைத்தேர்தலில் வித்தியாசம் வெறும் 238. இப்படிக் கைக்கெட்டி நழுவும்போது, வேலை செய்த ஒவ்வொருவருக்கும் ஒரே நினைப்புதான் வரும்: 'இன்னும் நாலு வீடு ஏறி இறங்கியிருந்தால்?' பெரிய வித்தியாசத்தில் தோற்றால் இந்த உறுத்தல் இருக்காது. அதைத் தொண்டர் மனதிலிருந்து இறக்கி வைக்க வேட்பாளரால்தான் முடியும். "நீங்கள் குறை வைக்கவில்லை, பொறுப்பு என்னுடையது" என்று அவர் வாயால் சொல்ல வேண்டும்.

ஆனால் நம் நன்றி பேனர்களில் இருப்பது என்ன? முதலில் தேசியத் தலைவர் படம், பக்கத்தில் மாநிலத் தலைவர், அப்புறம் நன்கொடையாளர்கள். கடைசி வரியில் "மற்றும் அனைவருக்கும்". தேர்தல் நடவடிக்கை அறையில் இரண்டு வாரம் சமைத்துப் போட்ட அம்மாக்கள், விளக்குக் கம்பத்தில் ஏறிக் கொடி கட்டிய பையன்கள், வாக்கு எண்ணும் மேசையில் சந்தேகமான ஒவ்வொரு சீட்டையும் பார்த்து, எண்ணிக்கை முடிவை எழுதித் தரும் பாரம் 14 (படிவம்) கைக்கு வரும்வரை நகராமல் உட்கார்ந்திருந்த முகவர்கள் எல்லாரும் அந்த 'அனைவருக்கும்' என்ற சொல்லுக்குள் போய்விடுகிறார்கள். வெற்றிக்குச் சில நூறு வாக்கு பக்கத்தில் வேட்பாளரைக் கொண்டு வந்து சேர்த்ததே இவர்கள்தான். இவர்களுக்குத்தான் பெயர் சொல்லி நன்றி சொல்ல வேண்டும், முடிந்தால் வீட்டுக்குப் போய்ச் சொல்ல வேண்டும். 'துரோகிகளால் தோற்றோம்', 'வெளியூரில் இருப்பவர்கள் வந்து ஓட்டுப் போடவில்லை' என்ற பேச்சு அந்த நன்றிக்குள் வரவே கூடாது. மாற்றி ஓட்டுப் போட்டவரும் அதே தொகுதிக்காரர்தான்.

விருந்தைப் பற்றி எனக்கு வருத்தம் உண்டு. தோற்றவருக்குச் சட்டமன்ற உறுப்பினருக்குரிய அரசாங்க ஒதுக்கீடு கிடையாது. 1965-இல் உள்ளாட்சித் தேர்தலை நிறுத்தியதிலிருந்து கவுன்சிலர்கள் நியமனம்தான் என்பதால், தோற்றவர் மக்கள் ஓட்டில் நகராண்மைக் கழகத்துக்குள் போகவும் வழியில்லை. சேவை மையம் நடத்த வேண்டுமென்றால் வாடகை அவர் கையிலிருந்துதான். அதனாலேயே சொல்கிறேன், அந்த விருந்துப் பணம் வாடகைக்குப் போகட்டும். பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளையைத் தேசியப் பதிவு இலாகாவுக்கு அழைத்துப் போகவோ, சிவப்பு அடையாள அட்டையோடு (குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிக்குத் தருவது) வரும் பாட்டிக்குப் பாரம் நிரப்பிக் கொடுக்கவோ, சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு) பணத்துக்கு அலைகிற தொழிலாளிக்கு ஒரு கடிதம் எழுதித் தரவோ சட்டமன்ற உறுப்பினர் பதவி தேவையில்லை.

மலேசிய சோசலிஸ்ட் கட்சியின் டாக்டர் ஜெயக்குமார் 1999-இலும் 2004-இலும் சுங்கை சிப்புட்டில் தோற்றார். தோட்ட மக்களின் பிரச்சினைகளை மட்டும் விடவில்லை. 2008-இல் அதே தொகுதியில் அப்போது அமைச்சராக இருந்த சாமிவேலுவை 1,821 வாக்குகளில் வென்றார். இப்படி உழைத்தால் பதவி தானாக வந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. 2018-இல் அவரும் தோற்றார். ஆனாலும் உழைக்கும் மக்களுக்காகப் பேசுவதை அவர் நிறுத்தவில்லை. அந்த மாதிரி மனிதர் "நன்றி" என்றால் யாரும் அதை விளம்பரம் என்று சொல்ல மாட்டார்கள்.

உங்களுக்கு விருந்து அழைப்பு வந்தால் தவறாமல் போங்கள். சேவை மையம் அடுத்த மாதமும் திறந்திருக்குமா, எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு என்று அவரிடம் நேராகவே கேளுங்கள். பதில் கிடைத்தால் எங்களுக்கு எழுதுங்கள். அடுத்த இதழில் இதே பக்கத்தில் போடுகிறேன்.