நைலோன் 6 என்றால் நூலின் தடிப்பா?

வாழைச்சேனையில் வலையும் கயிறும் விற்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: கயிற்றுச் சுருளில் 'பொலிஎதிலீன்' என்றும் உயர்தரம் படிக்கும் மகளின் புத்தகத்தில் 'பொலிஎதீன்' என்றும் இருக்கின்றன, இரண்டும் ஒன்றா? வலைநூலில் காணும் 'நைலோன் 6', 'நைலோன் 6,6' ஆகியவை தடிப்பைக் குறிக்கின்றனவா?

முதற் கேள்விக்கு விடை எளிது. எதீன் வாயுவின் பழைய பெயரே எதிலீன் என்பதால் இரண்டும் ஒரே பொருள்தான். ஆனால் மகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எதீனில் இரு காபன்களுக்கிடையே இரட்டைப் பிணைப்பு உண்டு. ஆயிரக்கணக்கான எதீன் மூலக்கூறுகள் இணையும்போது அப்பிணைப்பு திறந்து அயல் மூலக்கூற்றின் காபனோடு சேர்வதால், கயிற்றில் இருப்பது ஒற்றைப் பிணைப்புகளாலான நீண்ட காபன் சங்கிலியும், ஒவ்வொரு காபனிலும் இரண்டு ஐதரசன்களும் மட்டுமே. பெயர் ஒருபகுதியத்திலிருந்து, அதாவது இணையும் சிறு மூலக்கூறிலிருந்து வந்தது. அவை இணைந்து உருவாகும் நீண்ட சங்கிலியான பல்பகுதியத்தின் கட்டமைப்பை அது காட்டாது. பெயரைப் பார்த்து, சங்கிலியில் திரும்பத் திரும்ப வரும் துண்டான மீள்வரும் அலகில் இரட்டைப் பிணைப்பை வரைந்துவிடக் கூடாது. பொலிபுரொப்பீனுக்கும் இதுவே பொருந்தும்.

இன்னொரு மயக்கமும் உண்டு. தண்ணீர்ப் போத்தல் செய்யும் 'பொலிஎதிலீன் தெரெப்தலேற்று' பொலிஎதிலீனின் வகையன்று. அதன் சங்கிலியை எசுத்தர் இணைப்புகளே (அமிலமும் அற்ககோலும் சேர்ந்து உண்டாகும் இணைப்புகள்) கோக்கின்றன. இரண்டிலும் துண்டு வெட்டி வாளித் தண்ணீரில் போட்டால் பொலிஎதிலீன் மிதக்கும், மற்றையது அமிழும்.

நைலோனின் எண்கள் தடிப்பல்ல, காபன் கணக்கு. 6 காபன் கொண்ட இருஅமீனும் (இரு முனைகளிலும் அமீன் கூட்டம் உள்ளது) 6 காபன் கொண்ட இருகாபொட்சிலிக்கமிலமும் (இரு முனைகளிலும் அமிலக் கூட்டம் உள்ளது) நீரை வெளியேற்றி மாறிமாறி இணைந்தால் நைலோன் 6,6 கிடைக்கும். 6 காபன் கொண்ட கப்ரோலக்டம் என்ற ஒரேயொரு வளையச் சேர்வை திறந்து தொடர்ந்தால் அது நைலோன் 6. இரண்டிலும் அமைட்டு இணைப்பே (அமிலக் கூட்டமும் அமீன் கூட்டமும் சேரும் CO–NH இணைப்பு) உள்ளது. அது நீரை ஈர்ப்பதால்தான் நைலோன் நனைந்ததும் சற்று இளகுகிறது. உருகுநிலை மட்டும் தெளிவாக வேறுபடும்: நைலோன் 6 ஏறத்தாழ 220 பாகை செல்சியசிலும், 6,6 ஏறத்தாழ 260 பாகையிலும் உருகும்.

தடிப்பை அறிய '210/6' போன்ற குறியைப் பாருங்கள். 9000 மீற்றர் இழையின் நிறை 210 கிராம் என்பதே 210 டெனியர். அத்தகைய 6 இழைகளை முறுக்கிய நூல் அது. இங்குள்ள 6 இழைகளின் எண்ணிக்கை, நைலோன் 6 இல் உள்ளது காபன்களின் எண்ணிக்கை. நூல் வாங்கும்போது இரண்டையும் தனித்தனியே கேட்டுப் பெறுங்கள்.