பங்கை விற்கும் முன் ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டதா?

வாசகர் கேள்வி: அரசு ஆயுதத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்க்கிறேன். 2021 அக்டோபரில் ஆயுதத் தொழிற்சாலை வாரியத்தை ஏழு கம்பெனிகளாகப் பிரித்ததிலிருந்து, அடுத்து தனியார் முதலீட்டு நிதிக்குப் பங்கு கொடுப்பார்கள் என்ற பேச்சு ஓயவில்லை. அப்படி வந்தால் சங்கத்தின் சார்பில் எதைக் கேட்க வேண்டும்?

பதில்: அந்த ஏழும் முழு அரசு கம்பெனிகளாகத்தான் தொடங்கப்பட்டன. ஆனாலும் இப்போதே கேட்டீர்களே, அது நல்லது. இதில் கேள்வியை விட அதைக் கேட்கும் நேரம்தான் முக்கியம். பிரிட்டனில் நடந்ததைப் பாருங்கள்.

அங்கே பாதுகாப்பு அமைச்சகத்தின் ஆராய்ச்சி முகமையை 2001-ல் இரண்டாக உடைத்தார்கள். ரசாயன, உயிரியல் ஆயுத ஆய்வு போன்றவை அரசிடமே நின்றன. மீதிப் பெரும்பகுதி கினெடிக் என்ற கம்பெனியானது. 2003-ல் அமெரிக்காவின் கார்லைல் என்ற தனியார் முதலீட்டு நிதி நிறுவனம் 4.2 கோடி பவுண்டு கொடுத்து மூன்றில் ஒரு பங்கை வாங்கியது. மூன்றே வருடம்! 2006-ல் பங்குச் சந்தைக்கு வந்தபோது கம்பெனியின் மதிப்பு சுமார் 130 கோடி பவுண்டு. கார்லைலுக்குக் கடைசியில் கிடைத்த தொகை 30 கோடியைத் தாண்டியது. கினெடிக்கின் மேலதிகாரிகள் பத்துப் பேர் சேர்ந்து போட்ட சுமார் 5.4 லட்சம் பவுண்டு பத்துக் கோடிக்கு மேல் ஆனது.

கம்பெனி வளர்ந்தது உண்மை, அதில் கார்லைலுக்கும் பங்கு உண்டு. அப்புறம் ஏன் 2007-ல் அந்நாட்டுத் தேசியத் தணிக்கை அலுவலகம் குறை சொன்னது? ஆயுதச் சோதனைக் களங்களை நடத்த அமைச்சகத்துக்கும் கினெடிக்குக்கும் இடையே 25 வருட ஒப்பந்தம் ஒன்று இருந்தது. அதிகபட்சம் 560 கோடி பவுண்டு வரை பெறுமானம். அதன் விதிமுறைகள் இறுதியாகும் முன்பே, 2002-ல், கார்லைலை முன்னுரிமை ஏலதாரராக, அதாவது இனி பேரம் இவரோடு மட்டும்தான் என்று, அறிவித்துவிட்டார்கள். போட்டியாளர்கள் போனபின் பேரம் பேசினால் விலை யார் பக்கம் சாயும்? சந்தையில் மாடு விற்றவருக்குக்கூடத் தெரியும்.

ஆகவே முதலில் கேட்க வேண்டியது, ராணுவத்தின் நீண்டகாலக் கொள்முதல் ஒப்பந்தம் பங்குதாரரைத் தேர்ந்தெடுக்கும் முன்பே கையெழுத்தாகுமா என்பது. ஓய்வூதியப் பற்றாக்குறையை யார் சுமப்பது, உபரி நிலத்தை விற்றால் லாபத்தில் அரசுக்கு எவ்வளவு என்பதையும் அதே கட்டத்தில் எழுத்தில் வாங்குங்கள்.

அடுத்தது நிர்வாகிகளின் ஊக்கப் பங்கு, அதாவது அவர்களுக்கு ஊக்கமாகத் தரும் கம்பெனிப் பங்கு. கினெடிக்கில் இதை ஏலம் நடக்கும்போதே நிர்வாகிகள் ஏலதாரர்களோடு பேசினார்கள். வாங்க வருகிறவரிடம் தன் பங்கைப் பேசும் அதிகாரி, விற்கும் அரசுக்காக எவ்வளவு கறாராக நிற்பார்? அந்தத் திட்டத்தை அமைச்சகமே வகுத்து, உச்சவரம்பும் போடச் சொல்லுங்கள்.

அரசு கையில் ‘சிறப்புப் பங்கு’ இருக்கும், பயப்படாதீர்கள் என்பார்கள். கினெடிக்கிலும் அது உண்டு. ஆகாத கைகளுக்குக் கம்பெனி போவதைத் தடுக்க அது உதவும். உங்கள் வேலைக்கு அது உத்தரவாதம் இல்லை. பணிப் பாதுகாப்புக்குத் தனி உடன்பாடு கேளுங்கள்.